சென்சார் பொய் சொல்லவில்லை

பஃபலோ, வயோமிங்
ஏப்ரல் 6, 2019

அன்புள்ள தம்பி ஹார்லனுக்கு,

நான் நலம். நீ நாலு தடவை போன் பண்ணியும் எடுக்கவில்லை என்று வருத்தப்படாதே. இந்தப் பள்ளத்தாக்கில் லைன் சரியில்லை. இனிமேல் எழுதிப் போடு. முப்பத்து நாலு வருஷம் கரும்பலகையில் எழுதியவனுக்கு எழுதுவதா கஷ்டம்?

விஷயம் வண்டியைப் பற்றி. ராய்ஸ் என்னைத் தனியாக விட்டுப் போய் ஆறு மாதம் ஆகிறது. அவருடைய 2001 மாடல் பிக்கப்தான் எனக்குக் கை கால் எல்லாம். அதில் மஞ்சள் என்ஜின் விளக்கு எரிய ஆரம்பித்திருக்கிறது. பெட்ரோலைக் குடிக்கிறது, மேட்டில் மூச்சு வாங்குகிறது. பாகங்கள் விற்கிற கடையில் கருவியை மாட்டிப் பார்த்து ஆக்சிஜன் சென்சார் என்றார்கள். கடைக்காரர் வாய்க்குள்ளேயே பேசுகிறார். இந்தக் காலத்தில் யாரும் வாயைத் திறந்து பேசுவதில்லை. ஒரு சீட்டில் எழுதித் தரச் சொன்னேன். "முதல் வரிசை, முதல் சென்சார்" என்று இருக்கிறது.

இரண்டு விதம் காட்டினார். ஒன்றில் வயர் மொட்டையாக இருக்கிறது, பழைய வயரை வெட்டி இதோடு ஒட்ட வேண்டும். இன்னொன்றில் பிளக் இருக்கிறது, விலை இரண்டு மடங்கு. எதை வாங்குவது? வண்டியில் மொத்தம் நாலு சென்சாராம். நாலையும் மாற்ற வேண்டுமா?

ஜூன் 20-ஆம் தேதி மலை மேய்ச்சலுக்குக் கேட்டைத் திறப்பார்கள். இருபத்திரண்டு கிடேரிகளை மூன்று நடையாக டிரெய்லரில் மேலே கொண்டுபோக வேண்டும். வண்டி ஏறினால் நான் இங்கே இருப்பேன். ஏறாவிட்டால் கர்ட்டுக்கு வசதி. டென்வரில் அவன் வீட்டுக்குப் பக்கத்திலேயே எனக்கு ஒரு அபார்ட்மென்ட் பார்த்து வைத்திருக்கிறான். லிஃப்ட் இருக்கிறதாம். மாடுகளுக்கு லிஃப்ட் உண்டா என்று பதில் எழுதினேன். மகன் என்றால் அம்மா சொல்கிற ஜோக்குக்குச் சிரிக்க வேண்டாமா?

அன்புடன் அக்கா,
லவோன்


லிங்கன், நெப்ராஸ்கா
ஏப்ரல் 13, 2019

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததே பெரிய சந்தோஷம். போனை நீ எடுக்காததற்கு வேறு காரணம் இருக்கும் என்று பயந்துகொண்டிருந்தேன். அக்டோபரில், ராய்ஸ் அத்தானை அடக்கம் செய்த அன்று உன் சமையலறையில் நான் பேசியது தப்பு. அன்றைக்குப் பேசுகிற பேச்சா அது? மன்னித்துக்கொள்.

இனி சென்சார். சமையலறையில் ஒருத்தர் சூப்பை ருசி பார்த்து, "உப்பு பத்தல", "உப்பு கூடிப்போச்சு" என்று சொல்கிறார். சமையல்காரர் அதைக் கேட்டு உப்பைக் கூட்டுகிறார், குறைக்கிறார். இங்கே ருசி பார்ப்பது சென்சார், சமையல்காரர் வண்டியின் கம்ப்யூட்டர், உப்பு பெட்ரோல். என்ஜினில் இருந்து வரும் புகையில் ஆக்சிஜன் மீந்திருந்தால் "பெட்ரோல் பத்தல" என்று சென்சார் சொல்லும். கம்ப்யூட்டர் உடனே கூட்டி ஊற்றும்.

நாலு சென்சாரில் முன்னால் இருக்கும் இரண்டுதான் ருசி பார்க்கிறவை. பின்னால் இருக்கும் இரண்டும் புகையைச் சுத்தம் பண்ணும் டப்பாவுக்கு அப்பால் உட்கார்ந்து, டப்பா வேலை செய்கிறதா என்று பார்க்கும் இன்ஸ்பெக்டர்கள். சமையலில் அவர்களுக்குப் பெரிய பங்கு இல்லை. அதனால் நாலும் வேண்டாம். சீட்டில் உள்ள ஒன்றை மட்டும் மாற்று.

பிளக் வைத்ததையே வாங்கு. பல சென்சார்கள் வெளிக்காற்றைத் தம் வயர் வழியாகத்தான் சுவாசித்து, புகையோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றன. வெட்டி ஒட்டுகிற இடத்தில் அந்த மூச்சு அடைபடலாம். கழற்றுமுன் என்ஜினைக் கொஞ்சம் சூடாக்கு. துரு எண்ணெயை மரையில் விட்டு ஊற வை. புதியதன் மரையில் மட்டும், பின்னால் இறுகிப்போகாமல் இருக்க, அதோடு தரும் பசையைத் தடவு. நுனியில் பட்டால் அதன் நாக்கு செத்துப்போகும்.

எந்தப் பக்கம் என்று கேட்பாய். எட்டு சிலிண்டரும் பக்கத்துக்கு நாலாக இரண்டு வரிசை. முதல் வரிசை என்பது ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட் பக்கம். அப்பாவின் வண்டியில் நானே கையை விட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

அன்புத் தம்பி,
ஹார்லன்


பஃபலோ
ஏப்ரல் 24, 2019

அன்புள்ள வாத்தியார் தம்பிக்கு,

சூப்புக் கதை நன்றாக இருந்தது. ஆனால் சூப்புச் சட்டியின் அடியில் மல்லாந்து படுத்து, கண்ணில் துரு விழ விழ ஸ்பானர் பிடித்தவள் நான். இரண்டு நாள். முதல் நாள் அது அசையவே இல்லை. இரண்டாம் நாள் ராய்ஸின் நீள இரும்புக் குழாயை ஸ்பானர் கைப்பிடியில் சொருகி இழுத்தேன். பட்டென்று விட்டது. முழங்கை தரையில் இடித்து நீலம் பாரித்திருக்கிறது. எழுபத்தொரு வயசுக்கு மோசமில்லை.

பிளக் வைத்ததையே மாட்டினேன். விளக்கு மறுநாளே எரிந்தது. அதே சீட்டு, அதே எழுத்து.

நான் வண்டியடியில் கிடக்கும்போது பக்கத்துப் பண்ணை டுவைட் வந்து என் பூட்ஸைத் தட்டினான். ரொம்ப நேரமாக நின்றுகொண்டிருந்தானாம். என்னவோ சொன்னான், காற்று வேறு. நான் தலையை ஆட்டினேன். அவன் போய் ஒரு மூட்டை உப்பைக் கொண்டுவந்து இறக்கிவிட்டான். எதற்குத் தலையாட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. மாடுகளுக்கு ஆகும்.

நேற்றும் பனி விழுந்தது. கன்றுகள் எல்லாம் பிழைத்துக்கொண்டன. கெட்டிலை அடுப்பில் வைத்து மறந்து, அடி கருகிவிட்டது. இந்த மாதத்தில் இரண்டாவது. ஞாபகம் போகிறது போலிருக்கிறது. கர்ட்டிடம் சொல்லிவிடாதே.

அடுத்து என்ன?

அக்கா லவோன்


லிங்கன்
மே 1, 2019

அன்புள்ள அக்காவுக்கு,

தப்பு என்னுடையது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதியே தீர வேண்டும்.

நம் அப்பா சாகும் வரைக்கும் ஃபோர்டைத் தவிர வேறு எதையும் வாசலில் நிறுத்த விடவில்லை. ராய்ஸ் அத்தான் செவ்ரலே வண்டியை ஓட்டிக்கொண்டு உன்னைப் பெண் கேட்டு வந்த அன்று அப்பா சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "பையன் பரவாயில்ல. வண்டிய மட்டும் தெருவுலயே விட்டுட்டு வரச் சொல்லு." நானும் அந்த வீட்டுப் பிள்ளைதானே. எனக்குத் தெரிந்த ஒரே என்ஜின் ஃபோர்டு. அதில் முதல் சிலிண்டர் பக்கத்து சீட் பக்கம். உன் செவ்ரலேயில் அது ஓட்டுகிறவர் பக்கம்! நேற்று நூலகத்தில் உன் வண்டியின் புத்தகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. உனக்கு எழுதுமுன்னமே பார்த்திருக்க வேண்டும். விடையைச் சரிபார்க்காமல் கொண்டுவந்த பிள்ளைகளுக்கு எத்தனை தடவை மார்க் குறைத்திருப்பேன்!

நீயே கண்ணால் உறுதி செய்துகொள்ளலாம். என்ஜினை மேலிருந்து பார். இரண்டு வரிசையும் நேருக்கு நேர் இருக்காது. ஒன்று ஒரு விரற்கடை முன்னால் தள்ளி நிற்கும். முன்னால் நிற்பதில்தான் முதல் சிலிண்டர்.

இன்னொரு புதிய சென்சாரை இந்தக் கடிதத்தோடு பார்சலில் அனுப்பியிருக்கிறேன். முழங்கைக்கு அபராதம். நீ மாட்டிய புதியது அங்கேயே இருக்கட்டும். நீ கழற்றிய பழையதும் பதினெட்டு வருஷம் உழைத்ததுதான்.

அக்டோபரைப் பற்றி நீ எதுவும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்றும் இல்லை. நான் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

உன் தம்பி,
ஹார்லன்


பஃபலோ
மே 12, 2019

அன்புள்ள ஹார்லனுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு ராய்ஸின் படத்துக்கு முன்னால் நின்று சத்தமாக வாசித்துக் காட்டினேன். மனுஷர் நாற்பத்தாறு வருஷம் காத்திருந்து அப்பாவை ஜெயித்துவிட்டார்.

உன் சென்சாரை ஓட்டுகிற பக்கம் மாட்டினேன். விளக்கு அணைந்தது. நாலு நாள். ஐந்தாம் நாள் மறுபடியும் எரிகிறது. கடைச் சீட்டில் இப்போது "முதல் வரிசை, பெட்ரோல் குறைவு" என்று எழுதியிருக்கிறது. குறைவாம்! டேங்க் முக்கால் நாளில் காலியாகிறது. புகைக்குழாய் வாயில் விரலை விட்டால் கரி ஒட்டுகிறது. வெறும் டிரெய்லரைக் கட்டி மலைச்சாலையில் போய்ப் பார்த்தேன். இரண்டாவது வளைவிலேயே திணறி நின்றது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்திருப்பான் போல. கண்ணாடியில் பார்த்தபோது கையை ஆட்டி ஆட்டித் திட்டிக்கொண்டிருந்தான்.

வழியெல்லாம் அழுகை வந்தது. வண்டிக்காக இல்லை. ஜூன் இருபதாம் தேதிக்காக.

இன்னொன்று. வைக்கோல் போருக்குப் பின்னால் ஒரு கிலுகிலுப்பைப் பாம்பை மிதிக்க இருந்தேன். பூட்ஸுக்கு அரை முழம். வாலை நிமிர்த்திக்கொண்டு நின்றது, வழக்கமான கிலுகிலு சத்தமே காட்டவில்லை. இந்த வருஷம் பாம்புகள்கூடச் சோம்பேறியாகிவிட்டன.

கர்ட் அபார்ட்மென்ட்டின் படம் அனுப்பியிருக்கிறான். ஜன்னலில் இருந்து பார்த்தால் இன்னொரு ஜன்னல் தெரிகிறது.

மீதி இரண்டு சென்சாரையும் மாற்றிவிடட்டுமா? கடையில் வைத்திருக்கிறார்கள். சட்டென்று எழுது.

லவோன்


லிங்கன்
மே 18, 2019

அன்புள்ள அக்காவுக்கு,

வாங்காதே. பின்னால் இருக்கும் இன்ஸ்பெக்டர்களை மாற்றினால் சூப்பு ருசியாகாது.

பாம்பைப் பற்றிப் படித்ததில் இருந்து எனக்கு மனசு சரியில்லை. போருக்குப் பின்னால் போகும்போது நீளக் கோலால் தட்டிக்கொண்டே போ.

ஒன்று சொல்கிறேன், கேள். ஒரு குளிர்காலத்தில் என் வகுப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்த பையன் தினமும், "குளிருது சார், குளிருது சார்" என்பான். நானும் ஹீட்டரைக் கூட்டிக்கொண்டே போனேன். மற்ற இருபத்தெட்டு பேரும் வேர்த்து வழிந்தார்கள். சரி, இவன் குறும்புக்காரன் என்று அவனை எழுப்பிவிட்டு, ஒரு சாதுப் பெண்ணை அங்கே உட்கார வைத்தேன். நாலாம் நாள் அவளும், "குளிருது சார்." ஜன்னல் சட்டத்தில் ஒரு விரிசல். இருவரும் பொய் சொல்லவில்லை. காற்று அங்கேதான் வந்துகொண்டிருந்தது.

உன் வண்டியிலும் அதுதான் என்று நினைக்கிறேன். சென்சார் பொய் சொல்லவில்லை. அதற்கு முன்னால் எங்கேயோ புகைக்குழாயில் ஒரு விரிசல் இருக்கிறது. அது வழியாக வெளிக்காற்று உள்ளே நுழைகிறது. ஆக்சிஜனைப் பார்த்த சென்சார் "பெட்ரோல் பத்தல" என்கிறது. நான் ஹீட்டரைக் கூட்டிய மாதிரி கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டுகிறது. அதுதான் உன் டேங்க், உன் கரி, உன் இரண்டாவது வளைவு.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். காலையில் என்ஜின் சில்லென்று இருக்கும்போது மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய். ஓட்டுகிற பக்கத்துச் சக்கரத்துக்கு மேலே காதை வைத்துக் கேள். அம்மாவின் தையல் மெஷின் மாதிரி டிக் டிக் டிக் என்று வரும். சூடேறினால் இரும்பு விரிந்து, சத்தம் தேய்ந்துவிடும். என்ன கேட்டது என்று எழுது.

ஹார்லன்


பஃபலோ
மே 25, 2019

அன்புள்ள ஹார்லனுக்கு,

மூன்று நாள் காலையில் கேட்டுவிட்டேன். மூடியைத் திறந்து, தொப்பியைக் கழற்றி, காதை வைத்து. ஒரு சத்தமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் மாதிரி அமைதியாக ஓடுகிறது. அம்மாவின் தையல் மெஷின் எனக்குத் தெரியாதா? அதன் பக்கத்திலேயே தூங்கி வளர்ந்தவள் நான்.

ஆகவே உன் ஜன்னல் கதையும் தப்பு. இரண்டு தப்பு ஆயிற்று, வாத்தியாரே.

டுவைட்டின் மனைவி நடீன் முந்தாநாள் ருபார்ப் பை பலகாரம் சுட்டு வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதோடு ஒரு சீட்டு. அப்படியே எழுதுகிறேன், நீயே பார்: "லவோன், உன் வண்டி தடதடன்னு போறது எங்க அடுப்படி வரைக்கும் கேக்கும். இன்னைக்குக் காலைல போனது கேட்டுச்சு, திரும்பினது கேக்கல. அதான் வெச்சிட்டுப் போறேன். நாய் தின்னுடாம பாத்துக்கோ." என்ன பேச்சு இது? அவள் புருஷனின் டிராக்டர் மட்டும் தாலாட்டுப் பாடுகிறதாக்கும்! இரண்டு நாளாக அவளிடம் முகம் கொடுக்கவில்லை. ஆனால் பலகாரம் நன்றாக இருந்தது.

இன்னும் இருபத்தாறு நாள். வேறு யோசனை இருந்தால் சொல். இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிடு. கர்ட்டுக்கு எழுதிவிடுகிறேன்.

லவோன்


லிங்கன்
ஜூன் 1, 2019

அன்புள்ள அக்காவுக்கு,

கர்ட்டுக்கு எழுதாதே. வேறு முறை இருக்கிறது. முதலிலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும். இதற்குக் கண் இருந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம்.

பட்டறையில் இருக்கும் வேக்யூம் கிளீனரின் குழாயைப் பின்பக்க ஓட்டையில் மாட்டினால் உறிஞ்சுவதற்குப் பதிலாக ஊதும். என்ஜின் அணைந்து, நன்றாக ஆறியிருக்கட்டும். அந்தக் குழாயைப் புகைக்குழாய் வாயில் விட்டு, சுற்றிலும் ஈரத்துணி அடை. வேக்யூமைப் போடு. பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து, ஓட்டுகிற பக்கம் என்ஜினோடு புகைக்குழாய் சேரும் இடம் முழுக்கத் தெளி. எங்கே குமிழி வருகிறதோ அங்கே ஓட்டை. குறிப்பாக, கடைசி போல்ட்டைப் பார். தலை இருக்கிறதா, ஒடிந்துபோயிருக்கிறதா?

இனி எழுதப்போவது வண்டியைப் பற்றி இல்லை. கதையாக எடுத்துக்கொண்டாலும் சரி.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் மாரீன் என்று ஒரு பெண் முதல் பெஞ்சில் இருந்தாள். முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு கேள்வி கேட்டால் மட்டும் பதில் வராது. திமிர் என்று நினைத்தேன். இரண்டு மாதம் அவளோடு கோபமாக இருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அவள் என் உதட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். அதற்குப் பிறகு முப்பத்தொரு வருஷம் நான் பலகையைப் பார்த்து ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. மாரீன் அதே பள்ளியில்தான் படித்து முடித்தாள். ஒன்றும் குடி முழுகிப்போகவில்லை.

அப்படிப்பட்ட நான் அக்டோபரில் உன் சமையலறையில் தொட்டியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு, உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினேன். நீ பதில் பேசாமல் வெளியே போனாய். எட்டு மாதமாக அது கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் சொன்னது இதுதான்: "எல்லாத்தையும் வித்துட்டு கர்ட்கூடப் போயிடுக்கா. தனியா உன்னால முடியாது." நீ அன்று இதைக் கேட்டாயோ இல்லையோ, எனக்குத் தெரியாது. கேட்காத பேச்சுக்கு உன்னிடம் மன்னிப்பு வாங்கிக்கொண்டு சும்மா இருப்பது சரியில்லை என்று தோன்றியது. அதனால் எழுதிவிட்டேன். அந்த விடையும் தப்பு. அதையும் சரிபார்க்காமல்தான் சொன்னேன்.

நீ எதற்கும் பதில் எழுத வேண்டியதில்லை. குமிழி வந்ததா என்று மட்டும் எழுது.

உன் தம்பி,
ஹார்லன்


பஃபலோ
ஜூன் 23, 2019

அன்புள்ள ஹார்லனுக்கு,

குமிழி வந்தது. கடைசி போல்ட்டில், தலை ஒடிந்துபோன இடத்தில், பாலைக் கொதிக்கவிட்ட மாதிரி பொங்கியது.

டுவைட்டைக் கூப்பிட்டேன். டிரில்லோடு வந்தான். "இத்தனை நாளா இதத்தானே சொல்லிட்டிருக்கேன்! அன்னைக்கு நீ வண்டியடியில படுத்திருந்தப்பவே சொன்னேன், நீ தலைய ஆட்டின!" என்றான். உப்பும் வேண்டுமா என்று கேட்டானாம், அதற்கும் சேர்த்துத்தான் ஆட்டினேனாம். இந்தத் தடவை அவனை எனக்கு நேராக நிற்கவைத்து, "டுவைட், மெதுவா, என் முகத்தைப் பாத்துப் பேசு. எனக்குக் காது போயிட்டு வருது" என்றேன். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தரிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவன், "அப்படியா? நீ என்னைக் கண்டுக்காமப் போறேன்னுல்ல நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு போல்ட்டைத் துளைக்க ஆரம்பித்துவிட்டான். அவ்வளவுதான். அவ்வளவுதானா அது?

ஒடிந்த போல்ட்டை எடுத்து, காற்றுக் கசியாமல் இருக்கப் புது கேஸ்கெட் தகடு போட்டோம். விளக்கு அணைந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. இருபதாம் தேதி காலையில் எட்டு கிடேரிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். இரண்டாவது வளைவில் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. மேலே கேட்டுக்குப் போய்ச் சேரும்வரை ஒரு இடத்தில்கூட மூச்சு வாங்கவில்லை. சாயந்திரத்துக்குள் மூன்று நடையும் முடிந்தது. பெட்ரோல் டேங்க்கில் கால்வாசி மீதி இருந்தது.

நடீன் புதிதாகச் சீட்டு எழுதியிருக்கிறாள். இப்போது நான் போவதும் வருவதும் கேட்பதில்லையாம், கவலையாக இருக்கிறதாம். தினமும் வாசல் விளக்கைப் போட்டுக் காட்டச் சொல்கிறாள். காட்டுகிறேன்.

ஷெரிடனில் காது டாக்டரைப் பார்த்தேன். கருவி வர இரண்டு வாரம் ஆகுமாம். கெட்டில் விசில் அடிப்பது கேட்குமாம், பாம்பின் கிலுகிலுப்பும். கர்ட்டுக்கு இதை நானே எழுதிவிட்டேன். லிஃப்ட் வேண்டாம் என்றும் எழுதினேன்.

இனி அக்டோபர். நீ என்ன சொன்னாய் என்று அன்று எனக்குத் தெரியவே தெரியாது. தண்ணீர் ஓடுகிற சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. உன் முதுகு மட்டும்தான் தெரிந்தது. உனக்கு அழுகை என்று நினைத்து, தனியாக இருக்கட்டும் என்றுதான் வெளியே போனேன். அப்புறம் நீ கடிதத்தில் மன்னிப்பு கேட்டு, அக்டோபரையே சொல்லிக்கொண்டிருந்தாய். எதற்கு என்று கேட்க முடியாமல் நான் முழித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது தெரிந்துவிட்டது. தனியாக என்னால் முடியாது என்றா சொன்னாய்? எழுதியதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. எட்டு மாதம் லேட்டு, ஆனாலும் நல்ல கோபம். இதைக் கடிதத்தில் தீர்க்க முடியாது. நீ நேரில் வந்து திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஜூலை முதல் வாரம் வா. பஸ் நிலையத்துக்கு நான் வண்டி கொண்டுவருகிறேன். சத்தம் கேட்காது, பார்த்துக்கொண்டே நில்.

வந்தால் கோப்பைகளை நான் கழுவுகிறேன். நீ மேஜையில், எனக்கு நேராக உட்கார்.

அக்கா,
லவோன்